‘எவ்வளவு?’ என்று கேளுங்கள், ஐயா

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய போதக ஐயர்மாருக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் போதகன் இல்லை, வேதபண்டிதனும் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தொன்பது வருடமாக எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி என்ற பக்க அறையில் உட்கார்ந்து காணிக்கை எண்ணும் நாலு பேரில் ஒருவன்.

காணிக்கைக் கவருக்குள் பணம் மட்டும் வருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சின்னச் சின்னச் சீட்டுகளும் வரும். மகளுக்கு நல்ல வரன் அமைய, மகனுக்கு விசா கிடைக்க, அறுவை சிகிச்சை நல்லபடி முடிய. அவற்றில் மற்ற எல்லாவற்றையும்விட அடிக்கடி நான் பார்ப்பது, ‘கடன் பாரம் நீங்க ஜெபிக்கவும்’. பல சீட்டுகளில் பெயர் இருக்காது. கூடவே 100, 200 ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை இருக்கும். அந்த இருநூறும் யாரிடமாவது வாங்கியதாகத்தான் இருக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தச் சீட்டுகளை அடுக்கி ஐயரிடம் கொடுப்போம். அடுத்த ஞாயிறு பரிந்து பேசும் ஜெபத்தில், ‘கடன் பாரத்தோடு இருக்கிற குடும்பங்களை நினைத்தருளும்’ என்று ஒரு வரி வரும். சபையார் ஆமென் சொல்வோம். அதோடு சரி. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்று நாம் யாரும் கேட்பதில்லை. காய்ச்சல் என்று வருகிறவனுக்கு ஜெபித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று விசாரிக்கிறோம். கடன் என்று வந்தால் ஜெபம் மட்டும் செய்து அனுப்பிவிடுகிறோம்.

என்னிடம் ஒருவர் கேட்டார். அதனால்தான் நானும் என் வீட்டாரும் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறோம். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

2009. ஊராருக்குக் கடன் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. தவணை தவறினவர்களுக்கு நோட்டீஸ் எழுதுவதும் நான்தான். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஏழு இடத்தில் கடன். சூதாடியோ குடித்தோ வந்ததில்லை. மனைவிக்கு ஒரு ஆபரேஷன், அப்பா படுக்கையில் கிடந்த பதினோரு மாதம், அதற்கு நடுவில் தங்கச்சி கல்யாணத்தைச் சுருக்கமாக முடிக்கத் தைரியம் இல்லாத என் வறட்டு கௌரவம். முதலில் மனைவியின் நகை வங்கிக்குப் போனது. பிறகு அவளுக்குத் தெரியாமல் மோதிரமும் பிள்ளையின் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. அதற்குப் பிறகு ஐந்து வட்டி, கடைசியில் பத்து வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் பத்து. ஆயிரம் பேருக்கு வட்டிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன், என் சொந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கப் பயந்து இரண்டு வருடம் ஓட்டினேன்.

அந்த இரண்டு வருடமும் கோயிலுக்குத் தவறாமல் போனேன். காணிக்கை எண்ணினேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை விடும் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 1,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஏன் என்றால் பக்கத்தில் நின்றவர் 1,400 கேட்டார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த 1,500ஐயும் பத்து வட்டிப் பணத்திலிருந்துதான் கட்டினேன். பூசணிக்காய் என்னவோ நல்ல காய்தான், நாலு நாள் குழம்புக்கு வந்தது.

ஐயருக்குத் துணையாக இருக்கும் சபை ஊழியரான எங்கள் உபதேசியார் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தார். மனைவி காபி போட உள்ளே போனாள். அவர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ‘எவ்வளவு இருக்கும் தம்பி?’ என்றார்.

என்னது ஐயா என்றேன். ‘கடன்’ என்றார்.

என் நடை, என் பேச்சு, பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிய துணி எல்லாவற்றையும் அவர் கவனித்திருக்கிறார் போல. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. மகள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வரச் சொன்னார். ‘அம்மாவையும் கூப்பிடு, அவள் இல்லாமல் எழுதக்கூடாது’ என்றார். அன்று இரவு அந்த நோட்டில் எழுதியது இதுதான்: வங்கி நகைக்கடன் 1,10,000. அடகுக் கடை 42,000. பத்து வட்டி 60,000. ஐந்து வட்டி 75,000. மச்சானிடம் 50,000. கூட வேலை பார்த்தவரிடம் கைமாற்று 25,000. பலசரக்குக் கடைப் பாக்கி 11,400. மொத்தம் 3,73,400 ரூபாய். வட்டி மட்டும் மாதம் 11,690. அப்போது எனக்குச் சம்பளம் கைக்கு வந்தது 12,800.

மனைவி அழவில்லை. ‘அந்த அடகுக் கடையும் பத்து வட்டியும் எனக்குத் தெரியாதே’ என்று மட்டும் சொன்னாள். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உபதேசியார் நீளமாகப் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. எலிசாவிடம் வந்த விதவையின் கதையை நினைவுபடுத்தினார். கடன்காரன் பிள்ளைகளை அடிமையாகப் பிடிக்க வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி முதலில் என்ன கேட்கிறார்? வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அது பெருகின பிறகும், சந்தோஷமாகப் போ என்று விட்டுவிடவில்லை. எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் நீயும் உன் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று வரிசை சொல்லி அனுப்புகிறார். அற்புதம் ஒரு பங்கு, வரிசை ஒரு பங்கு. நாம் மேடையில் அற்புதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் எண்ணெய்க் குடம் என்பது வங்கியில் கிடந்த பதினைந்தரைப் பவுன். விற்க மனம் வரவில்லை. மீட்டுவிடலாம் என்று நினைத்தே வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தோம். அவர்தான் சொன்னார், ‘பத்து வட்டி ஓடும்போது நகையைப் பெட்டகத்தில் வைத்திருக்கிறது, ஓட்டைப் பானையை மூடி போட்டு வைக்கிற மாதிரி.’ நகையை மீட்டால்தான் விற்க முடியும். மீட்க ஒரே ஒரு நாளுக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வேண்டும். சபையில் இரண்டு குடும்பத்தாரிடம் அவரே பேசி, அவர்களையே வங்கிக்கு அழைத்து வந்தார். காலையில் மீட்டோம், மதியம் விற்றோம், சாயங்காலம் அவர்கள் பணம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. 1,78,000 கிடைத்தது. வங்கிக் கடன் முடிந்தது, பத்து வட்டி முடிந்தது, மீதி 8,000 பலசரக்குக் கடைக்குப் போனது. ஒரே நாளில் மாதம் 7,100 ரூபாய் வட்டி நின்றது.

ஐந்து வட்டிக்குக் கொடுத்தவர் நம் சபைக்காரர்தான், கமிட்டியிலும் இருந்தவர். உபதேசியார் என்னோடு அவர் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார். வட்டியை நிறுத்தி, அசலை மாதம் 3,000 வீதம் இருபத்தைந்து மாதத்தில் வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தார். எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உபதேசியார் ஒன்றும் மிரட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

முழுவதும் அடைய நான்கு வருடம் இரண்டு மாதம் ஆனது. அந்த நான்கு வருடத்தில் விசுவாசம் எங்களுக்கு என்ன செய்தது என்று என்னிடம் கேட்டால், நான் சொல்கிற பதில் உங்களுக்குச் சாதாரணமாகப் படலாம். எங்கேயிருந்தும் பணம் வந்து விழவில்லை. எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம் உண்டு, என் அப்பா காலத்திலிருந்து. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். அது முடிந்ததும் அந்த நோட்டை எடுத்து அன்றைய செலவை மனைவி வாசிப்பாள். பால் இவ்வளவு, பஸ் இவ்வளவு, பையனுக்கு பேனா இவ்வளவு. அப்போதுதான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கிறோம். அந்த நேரத்தில் பொய் சொல்ல முடியாது, ஐயா. கோபப்படவும் முடியாது. எத்தனையோ வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சண்டையில் முடிகிறது. சண்டைக்குப் பயந்து பேசாமலே விடுகிறார்கள், கடன் வளர்கிறது. எல்லோரும் தினமும் ஒரே பாயில் உட்காருகிற ஒரு நேரம் எங்களுக்கு ஏற்கனவே இருந்தது. அந்த நேரத்துக்குள் நோட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலமும் அப்படித்தான் கைகொடுத்தது. நாற்பது நாள் கறி மீன் இல்லை என்றால் பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. கஷ்டம் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் முகம் வாடியிருக்கும். அந்த நாற்பது நாளில் மிச்சம் பிடித்ததை ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை அடகுக் கடையில் கட்டினோம். நோன்பின் நோக்கம் அது இல்லை என்று வேதம் படித்தவர்கள் சொல்லலாம். இருக்கட்டும். மூன்றாவது லெந்தில் பிள்ளையின் சங்கிலி வீடு வந்து சேர்ந்தது.

இப்போது உங்களிடம் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த சங்கத்தின் கதையும் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் கேட்டேன், அப்போது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

ஜெர்மனியில் வெஸ்டர்வால்ட் என்ற மேட்டுப் பகுதி. 1846, 47 குளிர்காலத்தில் விளைச்சல் இல்லாமல் பஞ்சம். வெயர்புஷ் என்ற சிற்றூரில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற இளைஞர் கிராம நிர்வாகத் தலைவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அரசாங்கம் மாவு அனுப்பியது, ஆனால் ரொக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றது. பட்டினி கிடப்பவனிடம் ரொக்கம் ஏது? அவர் உத்தரவை மீறிக் கடனுக்குக் கொடுத்தார், வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டினார், ஊர் அடுப்பில் ரொட்டி சுட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அப்புறம் வேறு ஊருக்கு மாறிப் போனபோது, அங்கே விவசாயிகள் மாட்டு வியாபாரிகளின் வட்டியில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். முதலில் தர்மமாகவே உதவிச் சங்கங்கள் நடத்தினார். சில வருடத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது. பணக்காரர்களின் இரக்கம் நாள் ஆக ஆகக் களைத்துப் போகிறது. வாங்குகிறவனும் தலை நிமிர்வதில்லை. கஷ்டப்படுகிறவர்களே சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று, சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுக்க வேண்டும். 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அப்படிப்பட்ட கடன் சங்கம் எழுந்தது.

அந்தச் சங்கங்களுக்கு அவர் வைத்த விதிகளைப் பாருங்கள். எல்லை, ஒரு சபை வட்டாரம். அதாவது ஒரே கோயிலுக்கு வருகிறவர்கள், ஒருவர் நடத்தை இன்னொருவருக்குத் தெரியும். கடன் எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் உண்டு. (இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும், காரணம் சொல்ல வேண்டாம்.)

இந்தக் கதை நம் மண்ணுக்கும் வந்தது. மதராஸ் அரசாங்கம் விவசாயக் கடனுக்கு வழி தேடி ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895லும் 1897லும் இரண்டு பாகமாக அவர் அறிக்கை கொடுத்தார். அத்தனை பெரிய அறிக்கையின் சாரத்தை அவர் இரண்டே சொல்லில் சொன்னார்: ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்.’ 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கம், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம். இன்றைக்கு நம் ஊர்களில் உரமும் பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுக்கிற சங்கங்களின் பூர்வீகம் இதுதான். வேதத்தை வாசித்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. சபையிலிருந்து வெளியே போன அந்தப் பழக்கத்தைச் சபை மட்டும் மறந்துவிட்டது.

நம் திருநெல்வேலித் திருச்சபைக்கும் இது புதிதில்லை. 1830இல் மிஷனெரி ரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் தொடங்கினார். விசுவாசத்துக்கு வந்ததால் விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்கத்தான் அது. ஜெபத்தோடு மனைப் பத்திரமும் கொடுத்தார்கள். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் ஒன்றும் சீமான்கள் இல்லை. வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி எடுத்து வைத்து வளர்ந்தவை நம் சபைகள். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசி இன்னும் நிற்கவில்லை, இப்போது வருடத்துக்குக் கோடிக் கணக்கில் அதன் மூலம் திரட்டுகிறார்கள். சமைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைக்கிற பெண்ணுக்கு, கணக்குப் பாடம் யாரும் தனியாக நடத்த வேண்டாம். நம் வீடுகளில் அந்தப் பானை எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. கவர் வந்ததும் பானை போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இனிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கன்வென்ஷன் மேடைகளில் ‘விசுவாச விதை’ என்று ஒரு போதனை நடக்கிறது. கடனில் இருக்கிறவனே, நீ ஆயிரம் விதைத்தால் முப்பதும் அறுபதும் நூறுமாக வரும் என்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற பிரசங்கியார் பேசிவிட்டு மறுநாள் காலை ரயிலேறிவிடுவார். விதைத்தவன் வீட்டு வாசலில் தண்டல்காரர் நிற்பார். தண்டல் கணக்கு ஒன்று சொல்கிறேன், பிரசங்கத்துக்கு உதவும். பத்தாயிரம் ரூபாய்க்குக் கையில் தருவது 8,500. நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 1,500தானே என்று இருக்கும். ஆனால் தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக நம் கையில் இருக்கிற அவர் பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு நூறு நாளைக்கு 1,500 என்றால் வருடக் கணக்கில் நூற்றுக்கு 120க்கு மேல் போகிறது. விதை எதுவும் இந்த வேகத்தில் முளைக்காது.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையைக் காணிக்கைப் பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவள் வருவதற்குச் சற்று முன்னால், நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி ஆண்டவர் எச்சரிக்கிறார். அந்த வசனத்தையும் இந்த விதவையையும் சேர்த்து வாசித்த பிரசங்கத்தை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கிற தசமபாகம் பற்றியும் கேட்பீர்கள். கடனில் இருந்த நான்கு வருடம் நான் தசமபாகம் கொடுக்கவில்லை. மனசு குத்தியது. உபதேசியாரிடம் சொன்னேன். ‘உன் கையில் இருக்கிறது உன் பணமா, மச்சான் பணமா?’ என்று கேட்டார். அவன் பணத்தை எடுத்துக் காணிக்கை போட்டால் புண்ணியம் யாருக்கு? எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சபைக்குக் கொடுக்கிற சங்கக் காணிக்கையும் மனைவியின் கைப்பிடி அரிசியும் மட்டும் நிற்கவில்லை.

ஒழுக்கமாகச் செலவழித்தால் கஷ்டமே வராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பனை ஏறுகிறவர், மீன்பிடிக்கப் போகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிறவர், பீடி சுற்றுகிற அம்மா, இவர்களெல்லாம் ஊதாரித்தனத்தால் கடனாளி ஆனவர்கள் இல்லை. கூலி குறைவு, மழை இல்லை, தடைக்காலம், ஆஸ்பத்திரி. 2020 ஊரடங்கில் நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம். நோட்டு எழுதினால் கூலி கூடாது. இருக்கிற பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது மட்டும் தெரியும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதும் தெரியும். அந்தத் தெளிவு இல்லாததால் மூழ்கிய குடும்பங்களை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், நாலு பேரும் தீயில் மாண்டார்கள். கந்துவட்டி. அதற்கு எதிராக 2003இலேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட நான் கோயிலில் கேட்டதில்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம்.

சபைக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் கணக்குத் தெரிந்தவர், ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் பாக்கியம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் வாராவாரம் குழுக் கடன் கட்டுகிறவர்கள் பெண்கள், அவர்கள் என்னைப் போன்ற கிழவனிடம் சொல்ல மாட்டார்கள். வட்டிக்கு விடுகிறவர் இந்த இரண்டு பேரில் இருக்கக் கூடாது. கமிட்டியிலும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அதை எழுதினால் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள், பரவாயில்லை.

கடன் என்று சீட்டு வந்தால் அந்த இரண்டு பேர் வீட்டுக்குப் போகட்டும். முதல் கேள்வி எவ்வளவு. இரண்டாவது, வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா. மற்றது எல்லாம் அதற்குப் பிறகு. குழுக் கடனாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் 2022 விதியை அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: வருட வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கொடுக்கக் கூடாது. ஒரே பெண்ணுக்கு நாலு குழுவில் கடன் இருக்கிற தெருக்கள் நம்மிடம் உண்டு. வங்கியில் வருடத்துக்கு 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் இருப்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். கடலுக்கும் பனைக்கும் போகிறவர் வீட்டில் இது இல்லை என்றால், மற்ற எந்தப் புத்திமதிக்கும் முன்னால் அந்த 456 ரூபாயைக் கட்ட வையுங்கள்.

கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கிறோம். அதற்கு முன் மாப்பிள்ளை பெண்ணை அழைத்து ஐயர் ஆலோசனை சொல்லும்போது, இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற கடனை ஒருவருக்கொருவர் அன்றைக்கே சொல்ல வையுங்கள். சபையாருக்குத் தெரிய வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்தால் போதும். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து என் மனைவிக்கு நான் சொன்னதை அவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனும் அதில் வெளியே வரும். அது வந்தால் மண்டபத்தின் அளவு தானாகக் குறையும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதில் ஒரு குதூகலம் உண்டு, பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள், சேவல் கூவுகிற கோயில் எத்தனை இருக்கிறது! ஏலப் பாக்கிப் பட்டியலைப் பெயரோடு வாசிப்பதை மட்டும் நிறுத்துங்கள். காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிப்பதையும். அந்தப் பட்டியலுக்குப் பயந்து எத்தனை பூசணிக்காய் வாங்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

கோயிலைப் புதுப்பிக்க வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும் முன்னும் ஒரு நிமிடம் யோசியுங்கள். இடையன்குடிக் கோயிலை 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்து மூன்று வருடம். அதைக் கட்டிய கால்டுவெல் ஐயருக்கு அவசரம் இல்லை, நமக்குத்தான் அடுத்த சபைத் தேர்தலுக்குள் முடிக்க வேண்டும்.

எங்கள் உபதேசியார் 2016இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு வந்திருந்த கூட்டத்தில் ஏழெட்டுப் பேரை எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எங்கள் நோட்டு பீரோவில் பத்திரத்தோடு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மச்சானுக்குக் கொடுத்த கடைசித் தவணை, 2,000 ரூபாய், மனைவியின் கையெழுத்தில்.

போன ஞாயிறும் ஒரு சீட்டு வந்தது. பெயர் இல்லை. ‘கடன்’ என்ற ஒரே சொல், பென்சிலில், பிள்ளை கையெழுத்து மாதிரி. கூட ஒரு பத்து ரூபாய்த் தாள். அதை மற்றச் சீட்டுகளோடு அடுக்காமல் ஐயரின் மேசை டிராயரில் தனியாக வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் இருப்பேன். யார் எழுதியது என்று விசாரித்து வைத்தால், சாயங்காலம் சேர்ந்தே போகலாம். நோட்டு நான் கொண்டு வருகிறேன்.

கர்த்தருக்குள்,
காணிக்கை எண்ணும் உங்கள் ஊழியன்